புதுச்சேரியை நடந்தே பார்ப்பது எப்படி: உள்ளூர்க்காரன் சொல்லும் வழி

எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் பையைக் கீழே வைத்ததும் கேட்பது ஒன்றுதான்: "பாண்டியில பார்க்க என்னென்ன இருக்கு?" நான் பதிலுக்கு, "எத்தனை மணிக்குப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்பேன். குறும்புக்காகக் கேட்பதில்லை. இது சின்ன ஊர். பழைய நகரத்தை வளைத்துப் போகும் புல்வார் சாலைகளுக்குள் வடக்கு தெற்காக ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருக்கும், கடலிலிருந்து மேற்கே அண்ணா சாலை வரை ஒரு கிலோமீட்டர் சொச்சம். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, வெயில்தான் பிரச்சினை. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க மனம் வராத அதே கடற்கரைச் சாலை, பகல் பன்னிரண்டு மணிக்குத் தோசைக்கல். அதனால் இந்த வழிகாட்டியை இடங்களின் வரிசையில் இல்லாமல் கடிகாரத்தின் வரிசையில் எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

மார்கழி, தை, மாசி மாதங்கள்தான் நடப்பதற்கு ஏற்றவை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நாட்களில் வந்தால் குடையோடு புயல் செய்தியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை வருகிறவர்களிடம் நான் சொல்வது, பகல் பொழுதை மறந்துவிடுங்கள் என்பதே. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளியூர் கார்கள் நிரம்பி வழியும். முடிந்தால் செவ்வாய், புதன், வியாழனில் வாருங்கள். திங்கட்கிழமை வேண்டாம், அன்று அருங்காட்சியகம் திறக்காது.

ரயிலில் வந்தால் நிலையம் சுப்பையா சாலையின் பக்கத்திலேயே இருக்கிறது. பை கனமில்லை என்றால் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். பஸ் ஸ்டாண்டு மேற்கே மறைமலை அடிகள் சாலையில். அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள், ஏறும் முன்பே காசு பேசிக்கொள்ளுங்கள். காரில் வந்தால் விடுதியில் நிறுத்திவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பும் வரை அதைத் தொடாதீர்கள். ஒருவழிப் பாதைகளில் சுற்றிச் சுற்றி அரை மணி நேரம் போவதைப் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம்.

காலுக்கு, சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பு. கோயில், ஆசிரமம், பாரதியார் வீடு என்று கழற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். லேஸ் கட்டும் ஷூவோடு வந்த என் மைத்துனர் மூன்றாவது இடத்திலேயே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

மனசுக்குள் ஒரு வரைபடம்

கடல் கிழக்கே. இது ஒன்று தெரிந்தால் இங்கே வழி தவறவே முடியாது. வீதிகள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. ஒன்று வடக்கு தெற்காக ஓடும், இல்லையென்றால் கடலை நோக்கி ஓடும். இதை பிரெஞ்சுக்காரர் போட்டது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். 1693ல் டச்சுக்காரர்கள் இந்த ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள், அந்தக் கட்டத் திட்டம் அவர்கள் வரைந்தது. பின்னால் வந்தவர்கள் அதன்மேல் கட்டினார்கள்.

ஊரின் குறுக்கே வடக்கு தெற்காக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பெரிய வாய்க்கால் என்போம். அதற்குக் கிழக்கே கடல் வரை ஒயிட் டவுன், மேற்கே தமிழர் பகுதி. வெள்ளையர் ஒருபுறம், நம்மவர் மறுபுறம் என்று பிரித்து வைத்த கோடு அது. இன்று கோடு இல்லை, வாய்க்கால் மட்டும் இருக்கிறது, கோடையில் வாசனையோடு. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலானோர் கிழக்குப் பாதியில் மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்துவிட்டதாகக் கிளம்பிவிடுகிறார்கள். பாதி ஊர், அதிலும் சின்னப் பாதி. வாய்க்காலைத் தாண்டுங்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப் போகிறேன்.

இன்னொன்று, இங்கே தெரு என்று சொல்வது குறைவு. எல்லாம் வீதிதான். மிஷன் வீதி, நேரு வீதி, காந்தி வீதி. வழி கேட்கும்போது அப்படிக் கேட்டால் சட்டென்று சொல்வார்கள். மூலைச் சுவர்களில் நீலப் பலகையில் தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர் எழுதியிருக்கும்.

நிழல் பிடிக்கும் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வடக்கு தெற்கு வீதிகளில் காலையில் கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டி நடங்கள், பிற்பகலில் மேற்குப் பக்கச் சுவரை ஒட்டி. நடுப்பகலுக்குப் பிறகு கடல் காற்று கிளம்பிவிடும். அது நேராக உள்ளே வருவது கிழக்கு மேற்கு வீதிகள் வழியாகத்தான். ஆகவே மதியத்துக்கு மேல் நடந்தே ஆக வேண்டும் என்றால் காற்று வரும் வீதியைத் தேர்ந்தெடுங்கள்.

விடியற்காலை: கடற்கரைச் சாலை

ஐந்தரைக்கு எழுந்துவிடுங்கள். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை இந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சாலையின் நடுவில் நடக்கலாம். சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்க காந்தி சிலை அருகே கூட்டம் இருக்கும். சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கல்தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை. கொஞ்ச தூரத்தில் வெள்ளையாகத் தெரிவது 1836ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவிடமும் இதே சாலையில் இருக்கிறது, 1938ல் திறந்தது. ஜூலை 14 அன்று அதற்கு விளக்கு போட்டு அலங்கரிப்பார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்பது: "மணலே இல்லையே, இது என்ன கடற்கரை?" நியாயமான கேள்வி. என் அப்பா காலத்தில் இங்கே கபடி ஆடும் அளவுக்கு மணல் இருந்ததாம். நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருபுறம் அலை அரித்துக்கொண்டு போவதை மறுபுறம் இன்னொரு அலை கொண்டுவந்து நிரப்பும். 1980களின் கடைசியில், ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் கட்டினார்கள். மணல் தடுப்புக்குத் தெற்கிலேயே நின்றுவிட்டது. வடக்கே இருந்த ஊருக்கு வரவு இல்லை, செலவு மட்டும். சாலையே போய்விடும் என்ற நிலையில் கருங்கல் பாறைகளைக் கொட்டினார்கள். நீங்கள் இன்று ஏறி உட்காரும் பாறைகள் அவைதான். 2018ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகால் ஆன ஒரு தடுப்பை இறக்கிய பிறகு அந்தப் பக்கம் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது.

மணலைப் பார்த்ததும் இறங்கிக் குளிக்கத் தோன்றும். வேண்டாம். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாறைகளுக்கு நடுவே பாசி வழுக்கும், அலை இழுக்கும். ஒவ்வொரு வருடமும் இந்தக் கரையில் வெளியூர்ப் பிள்ளைகள் உயிரை விடுகிறார்கள். இதை மட்டும் நான் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை.

ஏழரையிலிருந்து பத்து வரை: ஒயிட் டவுன்

வண்டிகள் வரத் தொடங்கியதும் உள்ளே திரும்பிவிடுங்கள். த்யுமா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுஃப்ரேன் வீதி மூன்றையும் தெற்கிலிருந்து வடக்கே மாறி மாறி நடந்தால் போதும். த்யுமா வீதியில் 1855ல் கட்டி முடித்த தேவதைகளின் அன்னை என்ற மாதா கோயில் இருக்கிறது. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் பூசை நடக்கும். கோயிலுக்கு எதிரே, கடல் பக்கத் தோட்டத்தில், ஜோன் ஆஃப் ஆர்க் சிலையாக நிற்கிறாள். அந்தப் பக்கம் கடற்கரைச் சாலையில் இருக்கும் பழைய நகராட்சிக் கட்டிடம், மேரி என்போம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று நிற்பது அதே சாயலில் புதிதாகக் கட்டியது. தெரியாதவர்கள் பழைய கட்டிடம் என்றே தடவிப் பார்க்கிறார்கள்.

இங்குள்ள வீடுகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், அதற்குள் வீடு. வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்த வீடுகள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பகலில் தேவைப்படும். மஞ்சளும் வெள்ளையுமாக இருப்பவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கரை வைத்த கட்டிடங்கள் அடிக்கடி தென்படும். அவை அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்தவை.

அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று இங்கு வந்தார், ஆசிரமம் அமைந்தது 1926 நவம்பர் 24. சமாதி இருக்கும் முற்றம் காலை எட்டு மணிக்குத் திறக்கும். போனை அணைத்துவிட்டு, பேசாமல் போய்ப் பேசாமல் வர வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை உள்ளே விடமாட்டார்கள். ஆகஸ்ட் 15 போன்ற தரிசன நாட்களில் வரிசை வீதி முழுக்க நீளும். ஆசிரம விடுதிகளில் தங்குகிறவர்கள் இரவுக் கதவடைப்பு நேரத்தை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதுவும் புகையும் அங்கே கூடாது.

பக்கத்திலேயே மணக்குள விநாயகர். மணற்குளம் மணக்குளம் ஆனது. பிரெஞ்சுக்காரர் வந்து இறங்குவதற்கு முன்பே இருந்த கோயில். வாசலில் நின்று ஆசி கொடுத்த யானை லட்சுமி 2022 நவம்பர் 30 காலை நடைப்பயிற்சியின்போது வீதியிலேயே விழுந்து இறந்தது. அன்று ஊரே கடையை அடைத்துவிட்டு அதன் பின்னால் நடந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

பாரதி பூங்காவின் நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபம் ஆயி மண்டபம். ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்துவிட்டுக் குளம் வெட்டிய கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்த பிறகு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் பெயரில் இதைக் கட்டினார்கள். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது இந்த மண்டபம்தான். எதிரே கவர்னர் மாளிகை, அப்புறம் அருங்காட்சியகம். பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் பானை ஓடுகளையும் பார்க்க அரை மணி நேரம் போதும்.

பத்து மணி: வாய்க்காலைத் தாண்டுதல்

நேரு வீதி வழியாக மேற்கே போங்கள். பாலம் தாண்டியதும் சத்தம் மாறுவது காதுக்கே தெரியும். கொஞ்ச தூரத்தில் பெரிய மார்க்கெட். கூபேர் மார்க்கெட் என்ற பெயர் பலகையில் இருக்கிறது, வாயில் வருவது பெரிய மார்க்கெட்தான். முதலில் பூக்கடை, காய்கறி, பிறகு மூக்கே வழிகாட்டும் மீன் பகுதி. அருவாமனையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடியே பக்கத்துக்காரியோடு சண்டை, எதிரே நிற்பவரோடு பேரம், பேரனுக்குத் திட்டு, மூன்றையும் ஒரே மூச்சில் நடத்தும் அம்மாக்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். கண் கத்தியில் இருக்கவே இருக்காது, துண்டு மட்டும் ஒரே அளவாக விழும். படம் எடுக்க வேண்டுமானால் "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் சிரித்துவிட்டுச் சரி என்பார்கள், மீதிப் பேர் மீன் வாங்கச் சொல்வார்கள்.

இங்கே பலசரக்குக் கடையில் வடவம் கிடைக்கும். வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, மசாலா சேர்த்து இடித்து எண்ணெய் விட்டு வெயிலில் காயவைத்த உருண்டை. மீன் குழம்பைத் தாளிக்க ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டால் போதும். இந்தச் சொல்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் வதுவான் ஆகி இன்று வெளிநாட்டுச் சமையல்காரர்கள் கைக்குப் போயிருக்கிறது. ஊருக்கு வாங்கிப் போக இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. பையில் மட்டும் நன்றாகச் சுற்றி வையுங்கள், துணி எல்லாம் குழம்பு மணக்கும்.

மார்க்கெட்டை ஒட்டியே ஆனந்தரங்கப் பிள்ளை வீதி. பிரெஞ்சு கவர்னர் துப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் 1736லிருந்து தமிழில் எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் கால ஊரைப் பற்றிப் பாதி விஷயம் நமக்குத் தெரிந்திருக்காது. அவருடைய மாளிகையின் கீழ்த்தளம் தமிழ் முறையில் மரத்தூண்களோடும், மேல்தளம் பிரெஞ்சு முறையில் சுதைத் தூண்களோடும் இருக்கும். எல்லா நாளும் உள்ளே விடுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தாலும் விஷயம் புரிந்துவிடும்.

மிஷன் வீதிக்கு வந்தால் சம்பா கோவில் என்னும் மாதா கோயில். சம்பா என்றால் நெல் இல்லை. பிரெஞ்சில் புனித பவுலைச் சொல்லும் 'சேன் போல்' நம் வாயில் சம்பா ஆனது. இதன் பக்கத்தில்தான் அந்நாளில் வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748ல் பிரெஞ்சுக்காரர்கள் அதை இடித்தார்கள். ஊர் எப்படிக் கொதித்தது என்பதை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். பதின்மூன்றே வருடத்தில், 1761ல், ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது இந்தச் சம்பா கோவிலும் போயிற்று. பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்பு கண்மூடிவிட்டார். இன்றைய சம்பா கோவில் 1791ல் முடிந்தது. ஈசுவரன் கோயில் வீதியில் வேதபுரீஸ்வரரும் புதிதாக எழுந்து நிற்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், நடுவே சில நிமிட நடைதான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள்.

அதே பக்கத்தில் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908லிருந்து 1918 வரை பத்து வருடம் இந்த ஊரில் இருந்தார். ஆங்கிலேயர் எல்லைக்கு வெளியே என்பதால் வந்தவர். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடும் இருக்கிறது. இரண்டுமே சின்ன வீடுகள். முற்றத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

ஒரு மணியிலிருந்து நான்கு வரை: தூங்குங்கள்

உண்மையாகத்தான் சொல்கிறேன். இந்த ஊரில் நிறையக் கடைகள் மதியம் அடைத்துவிடும், கோயில்கள் திறக்காது. மீன் குழம்புச் சாப்பாட்டை முடித்துவிட்டு மின்விசிறிக்கடியில் படுங்கள். இந்த மூன்று மணி நேரத்தைச் சேமிக்கப் பார்க்கிறவர்கள்தான் மாலையில் தலைவலி மாத்திரை தேடுகிறார்கள்.

நான்கு மணி: திண்ணை வீதிகள்

ஊரில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இது. வைசியாள் வீதிக்குப் போங்கள். கால்வே சுப்பராயச் செட்டியார் வீதி என்பது பலகைப் பெயர். வரிசையாக வீடுகளைச் செப்பனிட்டு மீட்டதற்காக 2008ல் யுனெஸ்கோ விருது வாங்கிய வீதி. காலையில் பார்த்த மதில் வீடுகளை இப்போது நினைவுக்குக் கொண்டுவாருங்கள். இங்கே மதிலே கிடையாது. வீதியிலிருந்து முதலில் தாழ்வாரம், மரத்தூண் வைத்து ஓடு சாய்த்தது. அது வழியில் போகிறவருக்கும் நிழல் தரும். அதற்குள் திண்ணை, தெரிந்தவர் உட்காருவதற்கு. அப்புறம்தான் கதவு, அதற்கும் உள்ளே முற்றம். அந்நியருக்கு எவ்வளவு இடம், பழகியவருக்கு எவ்வளவு, சொந்தத்துக்கு எவ்வளவு என்று படிப்படியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். சில வீடுகளில் கீழே இந்த வரிசை அப்படியே இருக்க, மாடியில் மட்டும் வளைவு ஜன்னலும் கைப்பிடிச் சுவரும் பிரெஞ்சுக்காரரைப் பார்த்துக் கட்டியிருப்பார்கள்.

திண்ணை என்றதும் ஏறி உட்காராதீர்கள். என் சித்தி வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் காலை கல்யாண ஜோடி ஒன்று கேமராக்காரரோடு வந்து உட்கார்ந்துவிட்டது. பால் வாங்கக் கதவைத் திறந்த சித்தி, நைட்டியோடு அவர்கள் ஆல்பத்தில் இடம் பிடித்துவிட்டார். அது யாரோ வாழும் வீடு. கேட்டுவிட்டு உட்கார்ந்தால் காபியே கூடக் கிடைக்கும்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் காஜியார் வீதி, முல்லா வீதி, குத்பா பள்ளிவாசல். இந்தப் பகுதிக்கு வெளியூர்க்காரர் வருவதே இல்லை. கண்ணைப் பறிக்கும் வண்ண வீடுகள், மாலையில் பொரித்த பலகாரக் கடைகள். அமைதியாக நடந்து சுப்பையா சாலைக்கு வந்தால் ரயில் நிலையத்துக்கு அருகே திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா. மாலை வெயில் மேற்கிலிருந்து இறங்கும் நேரத்தில் உள்ளே இருந்தால் வண்ணக் கண்ணாடிகள் தூண்களில் நிறம் கொட்டும்.

ஆறு மணிக்குப் பிறகு

மறுபடி கடற்கரைச் சாலை, வண்டிகள் நின்றிருக்கும். சூரியன் மேற்கே கட்டிடங்களுக்குப் பின்னால் மறையும், அதைத் தேடி இங்கே நிற்க வேண்டாம். தேதியை மாற்ற முடிந்தால் பௌர்ணமியன்று வாருங்கள். வெளிச்சம் மங்கும் அதே நேரத்தில் கடல் விளிம்பில் முதலில் சிவப்பாக ஒரு புள்ளி, கப்பல் விளக்கோ என்று நினைப்பதற்குள் தேய்த்த செம்புத் தாம்பாளம் போல முழுதாக மேலே வந்துவிடும். சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தும் ஒரே நேரம் அதுதான்.

பாட்டிலோடு இந்தச் சாலைக்கு வராதீர்கள், போலீஸ் பிடிக்கும். மது இங்கே விலை குறைவு என்று வாங்கிக் கொண்டுபோக நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஊர் எல்லையில் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடி இருக்கிறது, பையைத் திறக்கச் சொல்வார்கள்.

இரண்டாம் நாளும் இருந்தால்

வடக்கே குருசுகுப்பம், வைத்திக்குப்பம் வழியாகக் காலையில் நடங்கள். மாசிமகத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து சேர்வது வைத்திக்குப்பம் கடலில்தான். அன்று வந்தால் வேறு திட்டம் எதுவும் போடாதீர்கள். ஆரோவில் நடக்கும் தூரம் இல்லை, அதற்குத் தனி நாள் வேண்டும். அங்குள்ள மாத்ரிமந்திர் தியான மண்டபத்துக்குள் போக முன்பதிவும் வேண்டும்.

அந்த இரண்டாம் நாள் ஞாயிறாக இருந்துவிட்டால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். சட்டை, பாத்திரம், பழைய புத்தகம், போன் உறை என்று வீதி முழுக்க விரித்திருப்பார்கள். முதலில் சொல்லும் விலையில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். ஊருக்குத் திரும்பும் பையை அதற்கு முன்பே கட்டிவிடாதீர்கள்.